ஐந்து வாய்க்காலுக்கும் ஒரே எண்

எனக்கு ஓரிடத்தில் அடங்கி இருக்கத் தெரியாது. வவுனியாவில் நான் வேலை செய்த கந்தோரில் என்னுடைய கதிரை எது என்று புதிதாக வருபவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் ஆட்டி ஆட்டி அதன் பின்கால் ஒன்று கழன்று, கட்டுக்கம்பி சுற்றிக் கிடந்தது. கணினிக்கு ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டு அது பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. எழுந்து வாசலுக்குப் போவேன். வீதியில் சோதனைக்காக நிற்கும் வாகனங்களைப் பார்ப்பேன். திரும்பி வந்தால் திரையில் ஏதாவது பிழைச் செய்தி நிற்கும். அதை முழுதாக வாசிக்காமலே திருத்தத் தொடங்குவேன். எதையும் கடைசிவரை வாசிக்காத அந்தப் பழக்கத்தால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

இது இரண்டாயிரத்தோராம் ஆண்டின் சிறுபோகம் என்ற கோடை விதைப்போடு நடந்தது. எங்களுடையது குளங்களைத் திருத்திக் கொடுக்கும் ஒரு சிறிய உதவி நிறுவனம். கந்தோரில் மூன்று கணினிகள். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சி மொழியை நான் ஒரு ரியூசன் கொட்டிலில், ஒரு கணினிக்குப் பதினைந்து பேர் முறை வைத்துப் படித்தவன். அடுத்த மேசையில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குளங்களின் நீர்மட்டம், வாய்க்கால்களின் நீளம், வயல்களின் ஏக்கர் எல்லாவற்றையும் வாங்கி, பேர்ள் மொழியில் எழுதிய நிரல்களால் அறிக்கை தயாரிப்பது அவருடைய பொறுப்பு. பேர்ள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சி மொழி என்றால் அந்தப் பக்கமே பார்க்கமாட்டார்.

அவருடைய ஆட்கள் இனக்கலவரத்தில் மலைநாட்டை விட்டு வந்து செட்டிகுளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். தகப்பனுக்கு ஒரு குளத்தின் கடைசி வாய்க்காலில் வயல் இருந்தது. அக்கா வாரநாட்களில் வவுனியாவில் அறை எடுத்துத் தங்குவார், வீட்டுக்குப் போய்வரும்போது சாப்பாட்டுப் பார்சல் ஒன்று கட்டிக்கொண்டு வருவார். மத்தியானம் அதைப் பிரித்து, கேட்காமலே பாதியை என் பக்கம் தள்ளுவார். நான் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்து, "இருந்து சாப்பிட்டா வயித்துக்குள்ள போகாதோ தம்பி?" என்பார்.

மாசி மாதக் கடைசியில் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு பிளொப்பி வந்தது. அதில் யாரோ ஒரு பொறியியலாளர் சி மொழியில் எழுதிய நிரல் நூலகம் இருந்தது. மற்ற நிரல்கள் கூப்பிட்டு வேலை வாங்குவதற்கென்று எழுதிவைத்த கணக்குகளின் தொகுப்பை எங்கள் தொழிலில் நூலகம் என்போம். ஒரு வாய்க்காலின் நீளம், மண், பயிர் ஆகியவற்றைக் கொடுத்தால், அங்கே ஒரு ஏக்கர் வயலுக்குக் குளத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் விடவேண்டும் என்று அது சொல்லும். குளத்துக்குக் கிட்ட இருக்கும் வயலுக்குக் குறைவாகப் போதும். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேருமுன் பாதி வழியில் மண் குடித்துவிடும், அதனால் கூட விடவேண்டும். பிளொப்பியோடு இரண்டு தாளில் குறிப்பும் வந்தது.

அக்காவின் பேர்ள் நிரலால் அந்த நூலகத்தை நேரே கூப்பிட முடியாது. நடுவில் ஓர் இணைப்பு எழுதவேண்டும். பேர்ள் கேட்பதை சி மொழிக்குப் புரியும்படி கொடுத்து, சி தரும் விடையை பேர்ளுக்குப் புரியும்படி திருப்பிக் கொடுக்கும் தரகு வேலை. எழுதியதைப் பிறகு ஒரு பொதியாகக் கட்டி, வேறு மாவட்டங்களில் இருப்பவர்களும் ஒரே கட்டளையில் நிறுவக்கூடியதாகச் செய்து அனுப்பும்படி தலைமைக் கந்தோர் கேட்டிருந்தது. அது சரியாக வந்தால் கொழும்பில் ஒரு வேலைக்கு என்னை நேர்முகத்துக்குக் கூப்பிடுவதாகவும் சொன்னார்கள்.

எனக்கு அது போதும். நான் முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். வவுனியாவில் இருப்பதற்கு இராணுவத்திடம் ஒரு பாஸ், வவுனியாவை விட்டுப் போவதற்கு இன்னொரு பாஸ், இரண்டுக்கும் வெவ்வேறு வரிசை. ஐந்து வருடமாக வரிசையில் நின்றே என் இளமை போகிறது என்ற ஆத்திரம் எனக்குள் இருந்தது. கொழும்பில் வேலை கிடைத்தால் அந்த வரிசைகளின் முகத்தில் முழிக்கத் தேவையில்லை.

அதனால் குறிப்பின் முதல் தாளை வாசித்தேன். கூப்பிடவேண்டிய கணக்குகளின் பெயர்கள் அதிலேயே இருந்தன. இரண்டாம் தாளைப் பிறகு பார்க்கலாம் என்று விசைப்பலகைக்கு அடியில் வைத்தேன்.

இணைப்பைக் கட்ட ஒன்பது நாள் பிடித்தது. அதில் பாதி நாள் மின்சாரம் இல்லை. நூலகம் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லவே இரண்டு நாள் போயிற்று. ஒரு இடத்தில் சொன்னால் தொகுக்கும்போது காணும், ஓடும்போது காணாது. மறு இடத்தில் சொன்னால் தலைகீழ். அக்கா தன் மேசையிலிருந்து, "தம்பி, அது எங்கயும் ஓடிப்போகாது, ஆறுதலாச் செய்யுங்கோ" என்பார். ஆறுதல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

பத்தாம் நாள் அது வேலை செய்தது. முதலாம் வாய்க்காலைக் கேட்டேன், விடை வந்தது, அச்சிட்டுப் பார்த்தேன். இரண்டாம் வாய்க்காலைக் கேட்டேன், விடை வந்தது, அச்சிட்டேன். கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போயிற்று. கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பி அக்காவுக்குக் காட்டினேன். அவர் அன்றைக்கே தன் நிரலில் அதைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய பழக்கம் வேறு. ஐந்து வாய்க்காலையும் முதலில் வரிசையாகக் கேட்டு, விடைகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து, கடைசியில் ஒன்றாக அச்சிடுவார். ஒழுங்கான ஆள் செய்யும் முறை அது.

முதல் அறிக்கை அவருடைய ஊர்க் குளத்துக்கு. சிறுபோகக் கூட்டம் அடுத்த திங்கட்கிழமை செட்டிகுளத்தில் வைத்திருந்தார்கள். தாள் அச்சாகி வந்ததும் இருவரும் பார்த்தோம். ஐந்து வாய்க்காலுக்கும் எதிரே ஒரே எண் இருந்தது.

அப்போது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அக்காவும் பட்டிருக்க வேண்டும். ஏன் படவில்லை என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் இருவரும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்பதுதான் காரணம். முரசுமோட்டையில் தண்ணீர் குறைந்த வருடங்களில் சிறுபோகம் பங்குமுறையில்தான் நடக்கும். மேல் வாய்க்கால் வயல்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, கீழே வயல் வைத்திருப்பவனுக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். யாருடைய வரம்பு என்று பார்ப்பதில்லை. கூட்டத்தில் வாசிக்கும்போது பெயர் மாறும், எண் மாறாது. எண் மாறினால்தான் மண்வெட்டியோடு எழும்புவார்கள். செட்டிகுளத்திலும் அதே வழக்கம். எல்லோருக்கும் ஒரே எண் என்றால் எங்கள் கண்ணுக்கு அது பிழையாகத் தெரியாது. ஒரு நகரத்துப் பொறியியலாளன் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே கிழித்துப் போட்டிருப்பான்.

"நல்ல வடிவா வந்திருக்கு" என்றார் அக்கா. நான் பெருமையோடு தாளை மடித்தேன்.

கூட்டத்துக்கு நானும் போனேன். கமநல நிலைய மண்டபம் நிறைய ஆட்கள். நீர்ப்பாசன உத்தியோகத்தர் எங்கள் தாளை உயர்த்திப் பிடித்து, கணினியில் பார்த்த கணக்கு என்று சொல்லி வாசித்தார். முதலாம் வாய்க்கால் இவ்வளவு, இரண்டாம் வாய்க்கால் அதே அளவு, மூன்றாவதும் அதே அளவு. வழக்கமாக அந்த இடத்தில் கூச்சல் தொடங்கும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்தையும் கூட்டிப் பார்த்தால் குளத்துத் தண்ணீர் நான்கு வாய்க்காலுக்குத்தான் காணும் என்றார் உத்தியோகத்தர். ஐந்தாம் வாய்க்காலில் காணிக்கு அரசாங்கப் பெர்மிற் வைத்திருப்பவர்களுக்கு மேல் வாய்க்கால்களில் பங்கு கிடைக்கும். பெர்மிற் இல்லாதவர்கள் இந்தப் போகம் விட்டுவிட வேண்டும்.

பெர்மிற் இல்லாதவர்கள் பத்தொன்பது குடும்பம். எல்லோரும் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அக்காவின் தகப்பன் எழும்பினார். மெலிந்த, நெடிய மனிதர். சண்டை பிடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கணக்கு எல்லாருக்கும் ஒண்ணாத்தான் போட்டிருக்கீங்க. எங்களுக்குன்னு கொறைச்சுப் போடல. அப்ப நாங்க என்னத்தச் சொல்ல? சரிங்க" என்றார். இருந்துவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் மண்டப வாசலுக்குப் போய் நின்றேன். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கணக்கு கணக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் பொதி கட்டும் வேலை. கொழும்புக்குப் போகப் பாஸ் கிடைத்துவிட்டது. அடுத்த திங்கள் காலை ரயில், செவ்வாய் நேர்முகம். பொதிக்குள் தானாகச் சரிபார்க்கும் ஒரு சோதனையும் இருக்கவேண்டும் என்று தலைமைக் கந்தோர் எழுதியிருந்தது. எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. சனிக்கிழமை அரைநாள், அக்கா போய்விட்டார். தனியாக இருந்து அந்தச் சோதனையை எழுதினேன். இரண்டு வாய்க்கால்களைக் கேட்டு, இரண்டு விடையையும் வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

இரண்டும் ஒரே எண்ணாக வந்தன.

வரிசையை மாற்றிக் கேட்டேன். மீண்டும் ஒரே எண், ஆனால் இந்த முறை மற்றைய வாய்க்காலின் எண். விசைப்பலகைக்கு அடியிலிருந்த இரண்டாம் தாளை எடுத்தேன். நடுவில், அடிக்கோடு கூடப் போடாமல், சாதாரணமாக எழுதியிருந்தது: விடை இருக்கும் இடம் ஒன்றுதான், அடுத்த கணக்கைக் கேட்கும்போது பழையது அழியும், வேண்டுமானால் உடனே பிரதி எடுத்துக்கொள்ளவும்.

அந்த நூலகம் விடை எழுத ஒரேயொரு கரும்பலகை வைத்திருந்தது. நான் விடையைப் பிரதி செய்து கொடுக்காமல், அந்தப் பலகையில் போய்ப் பார் என்ற சீட்டை மட்டும் அக்காவின் நிரலுக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றைக் கேட்டு உடனே பார்த்தால் சரியாகத் தெரியும். நான் அப்படித்தான் பார்த்தேன். ஐந்தையும் கேட்டுவிட்டுப் பிறகு பார்த்தால் ஐந்து சீட்டும் கடைசி விடையையே காட்டும். கடைசி விடை ஐந்தாம் வாய்க்காலுடையது, எல்லாவற்றிலும் கூடியது. அந்த எண்ணை எல்லா வாய்க்காலுக்கும் போட்டுக் கூட்டினால் தண்ணீர் எப்படிக் காணும்? இணைப்பைத் திருத்தி, ஒவ்வொரு விடைக்கும் தனிப்பிரதி எடுக்கச் செய்தேன். நான்கு வரிதான். மறுபடி ஓடவிட்டேன். ஐந்து வாய்க்காலுக்கும் தண்ணீர் இருந்தது.

அக்காவின் அறை சைக்கிளில் பத்து நிமிடம். அந்தக் கிழமை அவர் ஊருக்குப் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் போகவில்லை.

இதை எழுதும்போதும் அந்த ஒன்றரை நாளை விட்டுவிட்டு மேலே போகத்தான் கை ஓடுகிறது. பிழை வெளியே வந்தால் கொழும்பில் என்ன நினைப்பார்கள்? முதல் அறிக்கையிலேயே ஒரு குளத்தைக் கெடுத்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பொதியில் இப்போது பிழை இல்லை. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. நேர்முகம் முடிந்து வந்து சொல்லலாம், குளத்து மதகுத் துருசு திறக்க இன்னும் நாலைந்து நாள் கிடக்கிறது, இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்கத் தெரியாத நான், அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறைக்குள் பாயில் கிடந்தேன். ரயிலுக்கு உடுப்பும் அடுக்கி வைத்தேன். நான் கோழைதான், வேறு சொல் இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் பையோடு ஸ்ரேசனுக்கென்று வெளிக்கிட்டேன். பாதி வழியில், "சரிங்க" என்று சொல்லிவிட்டு இருந்த அந்த மனிதரின் முகம் வந்து நின்றது. சைக்கிளைக் கந்தோர்ப் பக்கம் திருப்பினேன்.

அக்கா வந்ததும் திருத்திய தாளை நீட்டினேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆற்றை பிழை தம்பி? நான் எல்லாத்தையும் சேத்து வச்சு அடிச்சதாலயோ?"

"இல்லை அக்கா. உங்கட சரி. என்ர இணைப்பிலதான் பிழை."

"எப்ப கண்டனீங்கள்?"

"இண்டைக்குக் காலமை" என்றேன்.

அடுத்த பஸ்ஸில் செட்டிகுளம் போனோம். இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றினார்கள். என் மடியில் இருந்த தாளைச் சிப்பாய் ஒருவன் வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். நீர்ப்பாசன உத்தியோகத்தர் முதலில் கோபப்பட்டார், பிறகு தானே ஒருமுறை கையால் கூட்டிப் பார்த்தார்.

"தண்ணி இருக்கெண்டால் விடுறதுக்கு எனக்கென்ன? வியாழக்கிழமை துருசு திறக்கேக்க அஞ்சாம் வாய்க்காலுக்கும் விடுறன். ஆனா இஞ்ச விதைநெல் முடிஞ்சுது. இருந்ததெல்லாம் குடுத்தாச்சு. தங்கட நெல்லு வச்சிருக்கிறவை விதைக்கட்டும்."

அக்காவின் முகம் தெளிந்தது. வீட்டில் மூன்று மூட்டை விதைநெல் இருக்கிறது என்று வழியில் சொன்னார். இரவல் சைக்கிளில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குளக்கட்டால் மிதித்தேன். அவ்வளவு வேகமாக நான் ஒருநாளும் மிதித்ததில்லை.

முற்றத்துக்குள் நுழையும்போதே புழுங்கல் மணம் வந்தது. நான்கு ஓலைப்பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அக்காவின் தகப்பன் காலால் அதைக் கிளறிக்கொண்டு நின்றார். பெரிய அண்டா ஒன்று கரி பிடித்துக் கவிழ்ந்து கிடந்தது.

அக்கா பாயைப் பார்த்தார். "அப்பா, இது விதைநெல்லா?"

"ஆமா புள்ள. தண்ணி இல்லன்னு ஆனப்பறம் வெதைய வச்சு என்ன செய்ய? நேத்துதான் அவிச்சோம். முந்தாநாளு வரைக்கும் மூட்டையிலதான் இருந்துச்சு."

அவித்த நெல் முளைக்காது. அதை அங்கே ஒருவருக்கும் சொல்லத் தேவை இருக்கவில்லை. நான் திருத்திய தாளைக் கொடுத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் அதை வாங்கி, ஐந்து எண்களிலும் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது வேற வேறயா இருக்கே" என்றார்.

"ஓம் ஐயா. இதுதான் சரி."

"அப்படியா. அது ஒண்ணா இருந்துச்சேன்னுதான் தம்பி நாங்க ஒத்துக்கிட்டோம்." என்னைத் திட்டவில்லை. எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். அவர் நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்தொன்பது குடும்பத்தில் ஏழு பேரிடம்தான் நெல் அவிக்காமல் மிஞ்சியிருந்தது. வியாழக்கிழமை ஐந்தாம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஏழு வயல் விதைத்தார்கள். மற்ற வயல்களின் ஓரத்தால் அந்தப் போகம் முழுவதும் தண்ணீர் ஓடிற்று.

நேர்முகத்தைத் தலைமைக் கந்தோர் பின்னுக்குப் போட்டது. நடந்ததைக் கடிதத்தில் எழுதி, பொதியையும் அனுப்பும்படி சொன்னார்கள். இரண்டு கிழமை கழித்து, கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்காகப் பொதியை அக்காவின் கணினியில் பிரித்து நிறுவினோம். கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் இறங்கின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நாளும் நேரமும் இருந்தன. இணைப்புக் கோப்பின் பக்கத்தில் அந்தச் சனிக்கிழமைத் திகதி நின்றது, பிற்பகல் மூன்று நாற்பது. அந்தத் திகதியை மாற்ற எனக்கு ஒரு கட்டளை தெரியும். மாற்றவேண்டும் என்று யோசித்தும் இருந்தேன். ஏன் மாற்றாமல் விட்டேன் என்று தெரியவில்லை.

அக்கா அந்த வரியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சோதனையை ஓடவிட்டார். எல்லாம் சரி என்று வந்தது.

மத்தியானம் பார்சலைப் பிரித்தார். வழக்கம்போலப் பாதியை என் பக்கம் தள்ளினார். பெரிய பருக்கையாக, சிவப்பாக இருந்தது சோறு.

"வீட்டு நெல்லு" என்றார். "இருந்து சாப்பிடுங்கோ."

நான் கதிரையில் இருந்தேன். அவர் எழும்பவில்லை, தன்னுடையதைத் தொடவுமில்லை. கடைசிப் பருக்கைவரை நான் சாப்பிட்டு முடிக்குமட்டும் எனக்கு எதிரே இருந்தார்.